தாழ்ப்பாள் ராஜா

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வந்துவிட்டால் மண்ணரை ஊரில் எந்தக் கதவும் சும்மா இருக்காது. அந்த வருசம் அதையே சாக்காக வைத்துக்கொண்டு ஈஸ்வரமூர்த்தி முதலாளி தன் பனியன் கம்பெனியின் வாசக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். கதவு அடித்துக்கொள்கிறது, வெளுத்து வந்த துணியில் புழுதி ஏறுகிறது என்றார். காலையில் ஆள் உள்ளே வந்ததும் பூட்டினால் பொழுது சாயத்தான் திறப்பார்கள். மத்தியானம் ஊட்டுக்கு ஓடிப் போய் ஒரு வாய் தின்றுவிட்டு வருகிற வழக்கம் அதோடு நின்றது. போசியில் கொண்டு வந்த கம்மஞ்சோற்றை மிஷினுக்கு அடியிலேயே உட்கார்ந்து, மேலே பஞ்சு பறக்கப் பறக்கத் தின்ன வேண்டியதுதான்.

முதலாளி பொங்கலூர்ப் பக்கம் தோட்டந்துரவு உள்ள குடும்பம். அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. வேலைக்கு வருகிற சின்னப் பிள்ளைகளைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். “ஏனுங்க கண்ணு, சாப்டீங்களா? ஒடம்புக்குச் சௌரியந்தானுங்களே? நாளையிலிருந்து வர வேண்டாமுங்க சாமி” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். கேட்டவன் தலையை ஆட்டிவிட்டு வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் வேலை போய்விட்டது அவனுக்கு உறைக்கும்.

மாரக்காளுக்கு அந்தக் குரல் அச்சாக வரும். அவள் அங்கே கைமடி வேலை செய்தாள். டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பனியனின் ஓரத்தை மடித்து மடித்து ஊசிக்கு நேராக நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஊசி விரலில் இறங்கும். அவளுடைய டெய்லர் பாரூக். லைன் வீட்டில் அவள் வீட்டுக்கு அடுத்த வீடு அவனுடையது. பாட்டுக் கட்டுவான், ஆர்மோனியம் வாசிப்பான். அவன் தைக்கத் தைக்க மாரக்காள் முதலாளி குரலில் எதையாவது சொல்லுவாள். “ஏனுங்க ஊசி, கொஞ்சம் பாத்து எறங்குங்க சாமி, அது வெரலுங்க.” பாரூக் சிரித்து நூல் அறுந்துபோகும். அதே கம்பெனியில் இஸ்திரி போடுகிற அவள் புருசன் ஆறுச்சாமி, கரிப்பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, “வாயி சும்மா இருக்காது இவளுக்கு” என்பான். ஆனால் அவனும் சிரிப்பான்.

பூட்டுப் போட்ட பிறகு வந்த ஒரு மத்தியானம், கைமடிக்காரி சுப்பாத்தாளின் மாமியார் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே நின்றாள். பிள்ளை பசிக்குக் கத்துகிற சத்தம் மிஷின் சத்தத்தையும் தாண்டி உள்ளே கேட்டது. சுப்பாத்தாளுக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள்.

மாரக்காள் எழுந்து போய்க் கணக்கரிடம் கேட்டாள். “கதவைத் தொறங்க. புள்ள பால் குடிச்சுப்போட்டுப் போவட்டும்.”

“சாவி மொதலாளிகிட்ட இருக்குதம்மா.”

முதலாளியே வந்தார். “ஏனுங்க சுப்பாத்தா, உங்க கொளந்தைங்களா? பாவமுங்க. ஆனா பாருங்க, இன்னைக்கு உங்களுக்குத் தொறந்துட்டா, நாளைக்கு எல்லாரும் ஆளுக்கொண்ணு பெத்துக்குவாங்களேங்க” என்றார். தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார்.

மாரக்காள் மடித்துக்கொண்டிருந்த பனியனை அவர் காலடியில் போட்டாள். பக்கத்தில் இருந்தவளும் போட்டாள். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். பாரூக் மிஷினை நிறுத்தினான். அவனைப் பார்த்து மற்ற டெய்லர்கள் நிறுத்தினார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் கொட்டகையில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்படித்தான் வேலைநிறுத்தம் ஆரம்பித்தது.

அது இழுத்துக்கொண்டே போயிற்று. கடையில் அரிசி கிடைக்காத காலம். சங்கத்துக்காரர்கள் ஊர் ஊராகப் போய்க் கம்பும் கொள்ளும் வாங்கிவந்து, வேப்பமரத்தடியில் கூட்டாக அடுப்பு மூட்டினார்கள். கொள்ளு வேகிற வாசனையே பசியைக் கிளப்பும்; தின்ற பிறகும் பசிக்கும். ஆண்கள் மரத்தடியில் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு பேர் யாருக்கும் தெரியாமல் வேறு கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் ஒரு பெரிய ராஜா படம் ஓடிக்கொண்டிருந்தது. கலர்ப் படம். அதன் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். கோட்டைப் படம் என்றால்தான் தெரியும். யானைப் படை, குதிரைப் படை, கோட்டை முற்றுகை. கோட்டைச் சுவரில் நின்றுகொண்டு ராஜா பாடுகிற பாட்டு டீக்கடைக்கு டீக்கடை கேட்டது. திண்டுக்கல்லிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்து பார்த்தார்கள் என்று பேச்சு.

“நமக்குத்தான் போக வக்கில்லை. நாமளே அதை நாடகமாப் போட்டுறலாமுங்க” என்றான் பாரூக்.

சங்கச் செயலாளர் திருமூர்த்தி முகத்தைச் சுளித்தார். “யானைக்கு எங்கீங்க பாய் போறது?”

“வெளுக்காத துணியை ரெண்டு பேரு மேல போத்துனா யானைதானுங்க. குதிரைக்கு உங்க சைக்கிளு. கோட்டை ராஜா எதிரிக்குப் பயந்து கதவைப் பூட்டல. தன்ற சிப்பாயிக சோத்துக்குப் போயிருவாங்கன்னு பூட்டறான். எதிரி வந்துட்டான். சிப்பாயிகளால சண்டைக்கு வெளிய போக முடியல. சாவியக் காணோம். முச்சூடும் பாட்டு. பேசுனாக்கூட ராகத்துலதான் பேசோணும்.”

மரத்தடியில் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் எழுந்தது. திருமூர்த்திக்கும் புரிந்தது.

ராஜா வேசத்துக்கு வேறொரு இஸ்திரிக்காரனைப் பிடித்துப் பழக்கினார்கள். நாடகத்தன்று காலையில் ஆளைக் காணோம். மாமியார் ஊருக்குப் போய்விட்டதாக அவன் வீட்டில் சொன்னார்கள். முதலாளி மாதிரி நடித்துவிட்டு அப்புறம் எந்த மூஞ்சியோடு வேலை கேட்பது என்று பயந்துவிட்டான். அடுப்படியில் கொள்ளு கிண்டிக்கொண்டிருந்த மாரக்காளைத் திருமூர்த்தி பார்த்தார்.

“மாரக்கா, நீங்கதான் கட்டோணும்.”

ஆறுச்சாமி எழுந்துவிட்டான். “என்னங்க இது? பொம்பள மேடையேறி ஆடறதா? எங்க அப்பன் ஆத்தா காதுல உளுந்தா நான் ஊருக்குள்ள போக முடியுமா?”

“ஆடறது எதுக்குங்க? மொதலாளியாட்ட நடந்தாலே போதும்” என்றார் திருமூர்த்தி.

“நாளைக்கு அந்தாளு இவளை வேலையில வெச்சிருப்பாருங்களா?”

“ஆறுச்சாமி, ஒருத்தரைத் தொட்டா அத்தனை பேரும் வெளிய நிப்போம். சங்கம் எதுக்கு இருக்குது? அக்காளுக்கு ஒண்ணுன்னா நான் மொதல்ல நிப்பேன்.”

மாரக்காள் அகப்பையை வைத்தாள். அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் மனசுக்குள் வேறு ஒன்றும் இருந்தது. அந்தப் பாட்டையெல்லாம் அவள் பாரூக் கட்டும்போதே கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தாள். மாமியார் ஊருக்கு ஓடிப்போனவன் பழகும்போது செய்த தப்பெல்லாம் அவள் கண்ணில் குத்திக்கொண்டிருந்தது.

“நான் கட்டறனுங்க” என்றாள்.

பாரூக்கின் பெண்சாதி முனவர் பேகம் தன் கல்யாணச் சரிகைத் துப்பட்டாவைக் கொண்டுவந்து அவள் தோளில் ராஜா சால்வையாகப் போட்டுவிட்டாள். பனியன் அட்டைப்பெட்டியை வெட்டி ஜிகினா ஒட்டிய கிரீடம். துணி அளக்கிற கோல்தான் வாள். பொழுது இறங்கியதும் பெட்ரோமாக்ஸைப் பற்றவைத்தார்கள். காற்றில் திரை உப்பிக்கொண்டு யானை மேலே போய் விழுந்தது. யானைக்குள்ளே இருந்தவன் “மாமா, ஒண்ணுமே தெரியலீங்க” என்று ராகத்தோடு பாடினான். ஜனம் அங்கேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

மாரக்காள் வந்தாள். நடந்தாள், அவ்வளவுதான். பாதத்தை நோகாமல் எடுத்து வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே அந்தப் பொட்டல் மேடையைச் சுற்றி வந்தாள். மண்ணரை முழுக்க அதிர்ந்தது. ஈஸ்வரமூர்த்தியின் பெயரை யாரும் சொல்லவே தேவை இருக்கவில்லை.

“தாழ்ப்பாளே தாழ்ப்பாளே
தங்கத் தாழ்ப்பாளே – என்
ஆளுகளை உள்ளே வெச்ச
அழகுத் தாழ்ப்பாளே!
பசிக்குதுன்னு சொல்லாதீங்க
பட்டாளத்துக் கண்ணுகளா – நீங்க
பசிச்சிருந்தாத் தானுங்க
வாளு நல்லா வீசுமுங்க!”

ஒரு சிப்பாய் சோறு கேட்டான். ராஜா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். “ஏனுங்க கண்ணு, அந்தக் களுத்தைக் கொஞ்சம் இப்பிடித் திருப்புறீங்களா? வெட்டிக்கிறனுங்க. வலிச்சாச் சொல்லுங்க சாமி.” சுப்பாத்தாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கூட்டத்தின் கடைசியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற கணக்கரும் சிரித்தார். அதைப் பலர் பார்த்தார்கள். மாரக்காளுக்கு அந்தச் சிரிப்பு மழை நனைக்கிற மாதிரி இருந்தது. ஆறுச்சாமிகூட நாடகம் முடிந்ததும் பக்கத்தில் வந்து, “ஏம்புள்ள, நீ இத்தனை நாளா எங்க இருந்தே?” என்றான்.

மறுநாள் தெருவில் குழந்தைகள் தாழ்ப்பாள் பாட்டைப் பாடிக்கொண்டு கும்பிட்டுக் கும்பிட்டு நடந்தன. நாடகத்தை இன்னும் ரெண்டு இடத்தில் போட்டார்கள். வேறு கம்பெனிக்குப் போனவர்களும் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தார்கள். ஊரே சிரிப்பதைப் பார்த்து மற்ற முதலாளிமார்களே ஈஸ்வரமூர்த்தியிடம் போய், “முடிச்சுப்போடுங்க, மானம் போகுது” என்றார்களாம். அவர் சங்கத்தைக் கூப்பிட்டுப் பேசினார்.

திருமூர்த்தி பேசிவிட்டு வந்த சாயங்காலம் மாரக்காள் வாசலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். ஆறுச்சாமி கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டான். திருமூர்த்தி அதில் உட்காரவில்லை.

“முடிஞ்சுதுங்க. பூட்டை எடுத்தர்றாரு. சோத்து நேரமும் பளையபடியே. கைப்புள்ளைக்காரிக போய்ப் பால் குடுத்துட்டு வரலாம். எல்லாம் எளுதிக் கையெளுத்துப் போட்டாச்சு.”

“சாமி புண்ணியம்” என்றாள் மாரக்காள். “சுப்பாத்தாகிட்டச் சொன்னீங்களா?”

“சொல்லோணும்.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “ஒண்ணே ஒண்ணுதானுங்க மாரக்கா. உங்களை மட்டும் எடுக்க மாட்டேங்கறாரு.”

சீப்பு நின்றது.

“நான் எவ்வளவோ பேசிப் பாத்துட்டேன். அவரு கோவிக்கக்கூட இல்லீங்க. ‘திருமூர்த்தி, பாட்டு எளுதுனவரு நல்ல டெய்லருங்க, அவரில்லாட்டி தையல் டேபிளே நின்னுபோகுமுங்க. யானைக்குள்ள இருந்தவங்க வந்துரட்டும். கைமடிக்கு வேற புள்ளைக கெடைக்குமுங்களே’ங்கறாரு. அத்தனை பேரு அடுப்பும் இதுல இருக்குது. எத்தனை நாளைக்குக் கொள்ளுத் தண்ணியக் குடிக்கிறது?”

ஆறுச்சாமி கேட்டான். “அன்னைக்கு மரத்தடியில என்னங்க சொன்னீங்க?”

“சொன்னேன். இல்லீங்கல. கொஞ்ச நாள் பொறுங்க, சூடு ஆறட்டும். நானே பேசிச் சேத்தி உட்டர்றேன்.”

“கையெளுத்துப் போடறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றாள் மாரக்காள்.

திருமூர்த்தி தரையைப் பார்த்தார். “கேட்டிருந்தா நீங்க சரின்னுதான் சொல்லியிருப்பீங்க மாரக்கா.”

அது நிசம். அதனால்தான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. சரி என்று சொல்லுகிற அந்த ஒரு வார்த்தையையாவது அவளிடம் விட்டுவைத்திருக்கலாம்.

வேலை தொடங்கிய அன்று பாரூக் போகவில்லை. வீட்டுக்குள் படுத்திருந்தான். மறுநாள் முனவர் பேகம்தான் அழுதுகொண்டே அவனை அனுப்பினாள்; பிள்ளைகள் இருந்தன. அவன் மாரக்காள் வாசலைத் தாண்டும்போது ஓடினாற்போல் நடந்தான். ஆறுச்சாமி முதல் நாளே போய்விட்டான். மாரக்காள்தான் அவனுக்குப் போசியைக் கட்டிக் கொடுத்தாள். மத்தியானம் சுப்பாத்தாள் திறந்த கதவு வழியாக வந்து, மாரக்காள் வாசலைத் தாண்டி வீட்டுக்கு ஓடி, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனாள். அதைப் பார்க்கச் சந்தோசமாகத்தான் இருந்தது. அடுத்தடுத்த நாள் சுப்பாத்தாள் வேறு சந்து வழியாகப் போக ஆரம்பித்தாள்.

மாரக்காள் வேறு கம்பெனிகளில் ஏறி இறங்கினாள். பெயரைச் சொன்னதுமே சிரித்தார்கள். ஒருவர் மட்டும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, “ஓ, அந்த ராஜாங்களா? எங்க, ஒருக்கா நடந்து காட்டுங்க பாக்கலாம்” என்றார். வேலை கிடைக்கும் என்று நடந்தாள். குரலும் கொடுத்தாள். அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து தம்பியையும் கூப்பிட்டுக் காட்டினார், மறுபடியும் நடந்தாள். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லாச் செய்யறீங்க. நாளைக்கு என்னையும் இப்பிடித்தானே செய்வீங்க?” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் அவள் யாரிடமும் கேட்கவில்லை. புரட்டாசியில் பொங்கலூர்ப் பக்கம் கடலைக்காய் பிடுங்கப் போனாள். ஈரம் காய்ந்த செம்மண்ணில் செடியோடு மல்லுக்கட்டி இழுக்க வேண்டும். பஞ்சையும் நூலையும் பிடித்துப் பழகிய விரல்களில் நகக்கண் கிழிந்து மண் ஏறிக்கொண்டது. கூட வந்த பெண்கள் பாடச் சொன்னார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்றாள்.

ஆயுத பூசை வந்தது. ஆறுச்சாமி சில நாளாக வேலை விட்டுத் தாமதமாக வந்துகொண்டிருந்தான். கேட்டால் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம் என்றான். பூசைக்கு முந்தின நாள், “இந்தத் தபா குடும்பத்தோட வரச் சொல்லியிருக்காரு மொதலாளி. நீயும் வா. கணக்கர்கிட்டப் பேசியிருக்கறேன். அவரு மனசு எளகற மாதிரிதான் தெரியுது” என்றான்.

“நானா? அந்த வாசப்படியிலயா?”

“எனக்காக வா புள்ள. உன்ற நல்லதுக்குத்தான்.”

அவள் கிளம்பும்போது பாரூக் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். “அக்கா, இன்னைக்கு நீங்க வராதீங்க.”

“ஏப்பா?”

“வராதீங்க, அவ்வளவுதான்.”

“வந்தா என்ன, என்னைப் புடிச்சு உள்ள வெச்சுப் பூட்டிருவாங்களா?” என்று சிரிக்கப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை, போய்விட்டான்.

கம்பெனியில் மிஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தது. பொரியும் கடலையும் அண்டா அண்டாவாக இருந்தது. முன்னால் முதலாளியும் அவர் வீட்டம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அதே அட்டைக் கிரீடம், அதே யானை. மாரக்காள் பெண்களுக்குள் மகளோடு உட்கார்ந்தாள். “மொதலாளியே நாடகத்தைப் பாக்கோணும்னு கேட்டாராமா. எத்தனை பெரிய மனசு பாருங்க” என்றாள் பக்கத்தில் ஒருத்தி.

ராஜாவாகத் திருமூர்த்தி வந்தார். மெட்டெல்லாம் அதேதான். வார்த்தை வேறு. கோட்டையைக் காக்கிற தாழ்ப்பாளே, குடிகளைக் காக்கிற தாழ்ப்பாளே என்று பாடினார். இந்த ராஜா நல்ல ராஜா. ராஜா வேட்டைக்குப் போன சமயத்தில் ஒரு சிப்பாயின் பெண்சாதி, மாரங்கி என்று பேர், கிரீடத்தைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்கிறாள். அவள் கோட்டைக் கதவை அகலத் திறந்து போட, எதிரி உள்ளே வந்துவிடுகிறான்.

மாரங்கி வேசம் மேடையில் வந்ததும் மாரக்காளுக்கு முதலில் தெரிந்தது புடவைதான். அவளுடைய பச்சைப் புடவை. காலையில் கொடியில் தேடிக் காணாமல் பக்கத்து வீட்டில் விசாரித்த புடவை. பிறகுதான் அதற்குள்ளே இருந்த ஆறுச்சாமி தெரிந்தான்.

அவன் இடுப்பை ஆட்டினான். வாயைக் கோணிக்கொண்டு, “நாந்தேன் ராசா, நாந்தேன் மந்திரி” என்று கீச்சுக் குரலில் பாடினான். கிரீடம் கண்ணை மறைக்க, கோலை ஓங்கியபடி யானை மேல் முட்டி விழுந்தான். யானை அவன் மேல் உட்கார்ந்தது. கடைசியில் ராஜா காலில் விழுந்து, “கைமடிக்கப் பொறந்த கையி, கிரீடத்தைத் தொட்டுப்போட்டேன்” என்று அழுதான். ஜனம் சிரித்தது. மண்ணரைப் பொட்டலில் சிரித்த அதே ஜனம். அன்றைவிடக் கொஞ்சம் கூடவே சிரித்தது, ஏனென்றால் முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். பாரூக் ஆர்மோனியத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. மகள், “அம்மா, அப்பா உங்களையாட்டவே பண்றாரு” என்று கையைத் தட்டினாள். மாரக்காள் அந்தப் பிஞ்சுக் கைகளைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் ஆறுச்சாமி புடவையோடேயே முதலாளிக்கு முன்னால் போய்க் கும்பிட்டு நின்றான். பூசிய மாவு வேர்வையில் வழிந்துகொண்டிருந்தது. எல்லாரும் கேட்கும்படியாகவே கேட்டான். “மொதலாளி, புத்தி வந்துருச்சுங்க. மாரக்காளை மறுபடி வேலைக்குச் சேத்திக்கோணுங்க.”

முதலாளி எழுந்து அவன் தோளில் கை வைத்தார். “ரொம்ப நல்லாச் செஞ்சீங்க ஆறுச்சாமி. அச்சு அசலா மாரக்காளேதானுங்க. நீங்களே இருக்கறப்போ இன்னொரு மாரக்கா எதுக்குங்க சாமி?”

கொட்டகை முழுக்கச் சிரித்தது. ஆறுச்சாமியும் சிரித்தான். சிரிக்காமல் இருக்க அவனுக்குத் தெரியவில்லை. முதலாளி பெண்கள் பக்கம் திரும்பி, மாரக்காளைப் பார்த்து அன்பாகத் தலையைச் சாய்த்தார். “ஏனுங்க மாரக்கா, சௌக்கியமுங்களா? பொரி வாங்குனீங்களா?”

“வாங்குனனுங்க” என்றது அவள் வாய்.

வீட்டுக்கு வந்து அவள் விளக்கேற்றினாள். அரிசியும் பருப்பும் போட்டுச் சோறாக்கி, ரெண்டு பேருக்கும் வட்டிலில் போட்டாள். மகள் தின்றுவிட்டுத் தூங்கிப்போனாள். ஆறுச்சாமி மாவு முழுசாகப் போகாத முகத்தோடு சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புடவையை மடித்து மூலையில் வைத்திருந்தான். முழங்கால் இருந்த இடத்தில் கிழிந்திருந்தது.

“கணக்கருதான் சொன்னாரு புள்ள” என்றான். “இப்பிடிச் செஞ்சா மனசு எளகிருவாருன்னு. உனக்கோசரந்தான் செஞ்சேன். சத்தியமா.”

அவள் அடுப்பிலிருந்து ரசத்தை இறக்கி வைத்தாள்.

“ஏதாச்சும் பேசு. என்னை நல்லா வையி. ரெண்டு அடி வேண்ணாலும் அடி.”

“கோலை சோத்தாங்கையில ஓங்குனீங்க” என்றாள் மாரக்காள்.

அவன் தன் வலது கையைப் பார்த்தான்.

“எனக்கு நொட்டாங்கைதான் வாக்கு. அடுப்புல அகப்பை புடிக்கறது, புள்ளைக்குத் தலை சீவறது, உங்களுக்குப் போசி கட்டறது, எல்லாமே நொட்டாங்கையிலதான். நடக்கறப்ப இடுப்பெல்லாம் ஆட்ட மாட்டேன். மூணு பொளுது சோறு போட்டிருக்கறேன், ஒரு நாள்கூட என்னைப் பாத்ததில்லையா நீங்க?”

இடது கையால் அவன் வட்டிலில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

“ஆறிப்போவுது, தின்னுங்க” என்றாள்.